செனட்டரிடம் கேட்டது

எண்பதுகளின் நடுவில் சுவிஸ் நாட்டுப் பேர்ண் நகரத்து ஹோட்டல் ஒன்றில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை அங்கேயே காலைச் சாப்பாட்டு மேசைகளைக் கவனித்தார். யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், ஆங்கிலம் தண்ணிபட்ட பாடு. அவருடைய ஒரே மகனை இலங்கை ஆமி பிடித்துப்போய் ஒரு வருடம் ஆகப்போகிற நேரம். தெற்கில் ஒரு முகாமில் சுகமாக இருக்கிறான் என்று எல்லோரிடமும் அடித்துச் சொல்வார்.

அந்த வாரம் ஜெனீவாவில் வல்லரசுகளின் ஆயுதக் குறைப்புப் பேச்சுவார்த்தை. அங்கே போகும் வழியில் வயதான அமெரிக்க செனட்டர் ஒருவர் எங்கள் ஹோட்டலில் தங்கினார். கூடவே தூதரகத்து இளைஞன் ஒருவன். அண்ணை மகனை விடுவிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் நாலு வசனம் பாடமாக்கி, பல் விளக்கும்போதும் முணுமுணுத்தார். எனக்கு அவரைவிடப் பதற்றம்.

காலையில் சமையலறைக் கதவிடுக்கால் பார்த்தேன். பழைய கம்பளிச் சட்டையோடு இருந்த செனட்டருக்கு அண்ணை கோப்பி ஊற்றினார். பிறகு அவரைச் சுற்றிப்போய், கோட் போட்ட இளைஞனிடம் நாலு வசனத்தையும் ஒப்புவித்தார். அவன் சிரித்துவிட்டு கைமணிக்கூட்டைப் பார்த்தான்.

"தூதரகத்துக்கு எழுதிப் போடட்டாம்," என்றபடி அண்ணை குசினிக்குள் வந்தார்.

"செனட்டரிட்டை ஏன் அண்ணை கேக்கேல்லை?"

"அந்தக் கிழவனிட்டையோ? செனட்டர் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியாதே? எங்கட நாட்டிலயும் இருந்தவை. எலெக்‌ஷன்ல வெல்ல ஏலாதவையைக் கூப்பிட்டு இருத்திறது. கடைசியில சபையையே இழுத்து மூடினாங்கள். மாலை போடத்தான் சரி."

நானும் நம்பினேன். சிரித்துக்கொண்டே அதைத் தலைமைச் சமையல்காரரிடம் என் உடைந்த ஜெர்மனில் சொன்னேன். அந்த சுவிஸ்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? உலகப்போருக்குப் பிறகு பக்கத்து நாடுகளுக்கு அமெரிக்க உதவி வந்ததே, அதற்குக் கை தூக்கியவர்களில் இவரும் ஒருவர். எந்த நாட்டுக்கு உதவி, எதற்கு இல்லை என்பதில் இன்றைக்கும் இவர் வாய்திறந்தால் அரசாங்கங்கள் கேட்கும். பேப்பரில் படம் போட்டிருக்கிறது, பார்க்கவில்லையா?"

அண்ணையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினேன். அந்தப் பக்கம் எங்களுக்குப் போகவே அனுமதி இல்லை. வாசலில் கார் உறுமிக்கொண்டு நின்றது, செனட்டர் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். வேலை போனால் போகட்டும் என்று "சேர்!" என்று கத்தினேன்.

இளைஞன் குறுக்கே வந்தான். செனட்டர் அவனை விலக்கிவிட்டு இறங்கினார். என்ன விஷயம் என்று அண்ணையைத்தான் கேட்டார்.

அண்ணை ஈரக்கையைச் சட்டையில் துடைத்தார். சாரதி பொறுமை இழந்து ஹோர்ன் அடித்தான். பேசித் தொலையுங்கோ என்று அண்ணையின் முதுகில் குத்தவேண்டும்போல இருந்தது எனக்கு. பாடமாக்கிய நாலு வசனத்தில் ஒன்றுகூட வரவில்லை. மகனின் பெயரை மட்டும் சொன்னார். செனட்டர் அதைப் பிழையாகச் சொல்லிப் பார்த்து, திருத்தச் சொல்லி, மறுபடி சரியாகச் சொன்னார்.

"அவரை விடுவிக்கும்படி நான் கேட்கவேண்டுமா?"

"இல்லை சேர்," என்றார் அண்ணை ஆங்கிலத்தில். "அவன் உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்."