மோட்டாருக்குத் தெரியுமா

செங்கல்வராயனின் அப்பா அயனம்பாக்கம் ஏரிக்குக் கீழே கூலிக்கு நாற்று நட்டவர். மகன் சேற்றில் கால் வைக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனிகள் முளைத்த சமயம், அறுபத்தைந்தாம் வருஷம், போல்ட் செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் நுழைந்து இன்ஸ்பெக்டர் ஆனான். இன்ஸ்பெக்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. போல்ட்டின் மரையில் அளவு பார்க்கும் கேஜைப் போட்டுப் பார்ப்பான். சேராததைத் தகர டின்னில் எறிவான். போட்டிருப்பது கறுப்புச் சட்டை. சாமி இல்லை என்று சொல்வதில் அவனுக்குச் சோறு தின்கிற சந்தோஷம்.

அவனுக்கு எதிர் லேத்தில் நின்றவன் ஜோசப்ராஜ். கரையான்சாவடிக்காரன், ஞாயிறு பூசை தவறாதவன். மதியம் டூல் ரூம் வாசலில் இருவரும் டிபன் பாக்ஸைத் திறந்தால் கடவுளும் கூடவே வந்து உட்கார்ந்துவிடுவார். எவன் மடக்கினானோ அவன் பேருக்குக் கீழே கதவில் சாக்பீஸ் கோடு ஒன்று விழும். தோற்றவன் இரண்டு டிபன் பாக்ஸையும் கழுவ வேண்டும். வருடக்கணக்காக இதுதான் வழக்கம்.

"பேரு மட்டும் முருகன் பேரு. இவுருக்கு சாமி இல்லியாம்!" என்பான் ஜோசப்.

"பேரு எங்கப்பன் வச்சது. மூளை என்னுது."

ஜோசப்பின் பெரிய வாதம் பட்டறைக் கூரையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒரே மோட்டார், அதிலிருந்து கூரை நெடுகச் சுழலும் ஒரு இரும்பு ஷாஃப்ட், ஷாஃப்டிலிருந்து எட்டு லேத்துக்கும் பெல்ட்டுகள்.

"மேல பாரு மச்சான். லேத்த பெல்ட்டு சுத்துது, பெல்ட்ட ஷாஃப்டு சுத்துது. இப்டியே ஆயிரம் பெல்ட்டு மாட்டு, கடைசியில மோட்டாரு இல்லன்னா இன்னா சுத்தும்? ஒலகமும் அப்டித்தான். எல்லாத்தையும் சுத்த உடுறதுக்கு மொதல்ல ஒன்னு கீது. அதான் கடவுள்."

"மோட்டாருக்குக் கரண்டு எங்கேர்ந்து வருது?"

"அதுக்கும் அப்பால போ. எங்கயாச்சும் நின்னுதானே ஆவணும்?"

இதற்குப் பதில் கிடைக்காமல் செங்கல்வராயன் ரொம்ப நாள் டிபன் பாக்ஸ் கழுவினான். எழுபத்திரண்டு மார்ச்சில், மோர்சோறு பிசையும்போது, சட்டென்று அகப்பட்டது.

"சரி மாமே, மோட்டாரு கீது. ஒத்துக்கினேன். உன் கை பெல்ட்டுல மாட்டிக்கினா, அதுக்குத் தெரியுமா?"

பட்டறையே கைதட்டியது. ஜோசப் சிரித்துக்கொண்டே பாத்திரங்களோடு குழாயடிக்குப் போனான்.

ஜூலையில் ஜோசப்பின் மகள் ஞானகுமாரி மூளைக் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாள். எட்டு வயது. டிசம்பரில் கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கென்று தைத்து வைத்திருந்த வெள்ளை கவுனைப் போட்டுத்தான் பெட்டியில் கிடத்தினார்கள். டிசம்பருக்குள் வளர்ந்துவிடுவாள் என்று கொஞ்சம் பெரிதாகத் தைத்திருந்தார்கள்.

ஜோசப் வேலைக்குத் திரும்பினான். பேச்சு திரும்பவில்லை. மூன்று வாரம் கழித்து அவன் மனைவி சகாயமேரி பட்டறை கேட்டில் வந்து நின்றாள்.

"அண்ணே, முப்பதாம் நாள் பூசைக்கு வர மாட்டேன்றாரு. ஜெபமால சொல்ல உக்காந்தா எழுந்து வெளிய போயிடறாரு. கேட்டா, மோட்டாருக்குத் தெரியாதுன்றாரு. எனக்கு ஒன்னும் புரியலண்ணே. அன்னிக்கு ஆம்பளைங்க பக்கம் திரும்பிப் பாத்தா அவரு இருக்கணும். நீங்க சொன்னா கேப்பாரு."

அது தன் வார்த்தை என்று சொல்லாமல், பேசிப் பார்ப்பதாகச் செங்கல்வராயன் தலையாட்டினான்.

மறுநாள் மதியம் அவனே ஆரம்பித்தான். "மச்சான், நீ சொன்னதுதான்டா சரி. மொதல்ல ஒன்னு இல்லாம எதுவும் சுத்தாது."

"சுத்தட்டும். அதுக்குத் தெரியுமா?"

"மரை தானா உழுமா? ஒருத்தன் வெட்டினாத்தானே? நீதானே சொல்லுவ?"

"அதுக்கு நீ அன்னிக்கு இன்னா சொன்ன? அப்ப டின்னு நெறய ரிஜெக்ட்டு ஏன்னு நீதானே கேட்ட?" ஜோசப்பின் குரல் உயரவே இல்லை. "என் பொண்ணு எந்த அளவுல கொறஞ்சுட்டா, சொல்லு."

தான் ஜெயித்த ஒவ்வொரு கோடும் திரும்பி வந்து தன் மேலேயே விழுவதைச் செங்கல்வராயன் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியாக ஜோசப் கேட்டான்: "இதெல்லாம் நீ நம்பறியா?"

"நம்பறேன்டா."

ஜோசப் அவன் முகத்தையே பார்த்தான். போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"சேரல மச்சான்."

எழுந்து, செங்கல்வராயன் பேருக்குக் கீழே தானே ஒரு கோடு போட்டான். இரண்டு டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். செங்கல்வராயன் பாக்ஸில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

முப்பதாம் நாள் காலை, கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு செங்கல்வராயன் மாதா கோயிலுக்குப் போனான். ஆண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்தான். எல்லாரும் எழுந்த பிறகு எழுந்தான். எல்லாரும் முழங்காலிட்ட பிறகு முழங்காலிட்டான். சாமியார் ஞானகுமாரியின் பேரை வாசித்தபோது, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சகாயமேரி இந்தப் பக்கம் திரும்பினாள். அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பக்கத்திலும், பின்னாலும், வாசல்வரைக்கும் பார்த்தாள். பிறகு திரும்பிக்கொண்டாள்.