தேநீர் தந்துவிட்டு மறுத்த வீடு

எழுபதுகளில், வாடகைக்கு வீடு விடுபவர்கள் நிறம் பார்க்கிறார்களா என்று மெல்பேர்னில் ஆராய்ந்த குழுவில் நானும் இருந்தேன். முதலில் நான் போய் வீடு கேட்பேன். பிறகு அதே வீட்டை வெள்ளைக்காரத் தோழி ஜூன் கேட்பாள்.

நோபல் பார்க் என்ற புறநகரில் ஒரு வீட்டுக்காரப் பெண்மணி எனக்குத் தேநீர் தந்து, சேலையை மெச்சினார். "வீடு காலையிலேயே போய்விட்டதே, கண்ணே" என்று கையைப் பிடித்து வருந்தினார். நான் நம்பிவிட்டேன்.

எனக்குப் பின் போன ஜூன் காருக்குத் திரும்பி வந்து, "சாவியையே தந்துவிட்டார்" என்றாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

வீட்டில் கணவர், "ஆராய்ச்சி சரிவந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம், நல்ல ஆதாரம் கிடைச்சிட்டுது" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

என்னைக் கண்டதும் கதவை அடித்துச் சாத்திய மற்ற வீட்டுக்காரர்களை மறந்துவிட்டேன். ஆனால் இன்றும் யாராவது அன்பாகப் பேசினால், நம்புவதற்குப் பயமாக இருக்கிறது.