பாதம் பார்த்து நோய் சொன்னவர்

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி ஆலை ஒன்றின் முதலுதவி அறையில் நான் நர்ஸாக இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள். மீஞ்சூரிலிருந்து ரயிலில் வரும் உலைத் தொழிலாளி ஒருவர் ஒருநாள் தலைசுற்றி விழுந்தார். ஊசி குத்திப் பார்த்தால் சர்க்கரை எக்கச்சக்கம்.

"மாத்திரை போடறீங்களா?"

"நிறுத்தி ஒரு மாசம் ஆவுது சிஸ்டர். கால் பாக்குறவரு ஒர்த்தரு கீறாரு. பாதத்த அமுக்கிப் பாத்துட்டு, உனுக்கு சுகரே இல்லன்னுட்டாரு."

"ரத்தம் எடுத்தாரா?"

"இன்னாத்துக்கு? கட்டவிரலே சொல்லிடுமாம்."

டாக்டரிடம் போகச் சொன்னேன். "அவரையும் ஒரு வார்த்த கேட்டுக்கினு போறேன்" என்றார்.

அந்த மகான் அதே வாரம் எங்கள் கேண்டீனுக்கே வந்தார்; இலவச முகாமாம், மேனேஜரின் ஏற்பாடு. கையில் ஒரு மரக்குச்சி, சுவரில் கலர் கலராகக் கோடு போட்ட பாதப் படம். முகம் பார்க்காமல் சொல்வீர்களா என்று கேட்டேன்.

"முகமே வேணாம் மேடம். பாதம் ஒரு புத்தகம்."

போர்வையைத் திரையாகக் கட்டி, பாதங்களை மட்டும் வெளியே நீட்ட வைத்தேன். முதலில் ஸ்டோர் கிளார்க். தங்கைக்கு ஒரு கிட்னியைக் கொடுத்தவர். குச்சியால் அமுக்கிவிட்டு, "ரெண்டு கிட்னியும் ஜோரா வேலை செய்யுது" என்றார் புத்தகம் படித்தவர். அடுத்து உலைத் தொழிலாளி: "வெறும் சூடு, சுகர் கிடையாது." மூன்றாவதாக மீண்டும் கிளார்க்கையே அனுப்பினேன். "இவருக்கு இடது கிட்னி ரொம்ப வீக்." இல்லாதது அந்த இடது கிட்னிதான்.

போர்வையை இழுத்து, இரண்டு முறையும் ஒரே ஆள்தான், அந்தக் கிட்னி தங்கையிடம் இருக்கிறது என்று சொன்னேன். கேண்டீனே சிரித்தது. அவர் மட்டும் அசரவில்லை.

"உறுப்பு போனாலும் அதோட சக்தி அங்கயே இருக்கும் மேடம்."

அதைக் கேட்டுத் தலையாட்டிய மேனேஜர், "எனக்கு முதுகு வலி, கொஞ்சம் பாருங்க" என்று ஷூவைக் கழற்றினார். காலேஜ் படித்த மனிதர்!

நான் உலைத் தொழிலாளியின் காலைக் கையில் எடுத்தேன். சுண்டுவிரல் இடுக்கில் சதை வெளுத்து, உள்ளே புண். நாற்றம் வேறு. ஒரு மாதமாக அந்தப் பாதத்தை வாசித்தவர் கண்ணில் இது படவே இல்லை. விழுந்த அன்றே பூட்ஸைக் கழற்றிப் பார்க்காதது என் தவறு.

"வலியே இல்லியே சிஸ்டர்" என்றார், பயந்துபோய்.

"சுகர்ல கால் மரத்துப்போச்சு, அதுதான் வியாதி. கெளம்புங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்தார்கள்; கால் தப்பியது. இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார், சட்டைப்பையில் மாத்திரையோடு. பாதம் படிப்பவர் திருவள்ளூரில் கடையே திறந்துவிட்டதாகச் சொன்னார்கள். நல்ல கூட்டமாம்.