பஞ்சாட்சரத்தின் நூறாவது ஆள்

“நடந்தத அப்படியே சொல்றேன்பா, ஒரு இழை கூட சேர்க்கல” என்று ஆரம்பித்து, டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “சரி, பத்து இழை சேர்த்திருப்பேன். பட்டுன்னா கொஞ்சம் மினுக்கணும்ல” என்று அவரே ஒத்துக்கொள்கிறார் பஞ்சாட்சரம். பெரிய காஞ்சிபுரத்தில் தில்லையம்மாள் நடத்தும் பிரவுசிங் சென்டரில் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் இவருடையது. சாயங்காலம் நாலு மணிக்கு உட்கார்ந்தால் எழுப்பக் கிரேன்தான் வர வேண்டும்.

தொழில், புடவை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் வரைவது. கோட் போட்ட உத்தியோகக்காரர்கள் கூடும் வலைத்தளம் ஒன்றில் இந்த 2009-இல் இவரும் சேர்ந்திருக்கிறார். அங்கே இவர் பதவி ‘தலைமை வடிவமைப்பு அதிகாரி’. கீழே வேலை செய்ய ஆள் கிடையாது. மேலே மின்விசிறி மட்டும் உண்டு. போட்டோவில் கட்டியிருப்பது பக்கத்து வீட்டுப் பையனின் பள்ளிக்கூட டை. டிசைன்களைக் காட்டச் சொந்தமாக ஒரு வெப்சைட்டும் தனியே வைத்திருக்கிறார்.

மனைவியின் அண்ணன் வீரபாகு, தறியில் டிசைன் விழுவதற்கான ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடும் பட்டறை வைத்திருப்பவர். “ஆடி முடியறதுக்குள்ள நூறு பேரு உன் வெப்சைட்டுக்கு வரணும் மாப்ள. இல்லன்னா ஆவணி ஒண்ணாந்தேதி என் பட்டறைல ஓட்டை போட வந்துரு” என்று கெடு வைத்துவிட்டார். அந்தப் பட்டறைச் சத்தத்தை நினைத்தாலே பஞ்சாட்சரத்துக்குப் பல் ஆடும்.

வெப்சைட்டின் அடியில், வந்தவர்களைக் காட்டும் எண் ஒன்று ஓடும். அது தொண்ணூற்றாறில் நின்றது. அதில் பாதி, எண் ஏறிவிட்டதா என்று இவரே போய்ப் பார்த்தது. மூன்றாம் நம்பரை அடையாளம் கண்டுகொண்டதோ என்னவோ, இப்போது இவர் போனால் எண் ஏறுவதில்லை.

அன்னம் பார்டர் படம் ஒன்றை அந்த உத்தியோகக்காரர்கள் தளத்தில் போட்டு, கூடவே தன் வெப்சைட்டுக்கு லிங்க் கொடுத்தார். பார்த்தவர்கள் பதினோரு பேர். அதே படத்தை லிங்க் இல்லாமல் போட்டார். நானூறு பேர் பார்த்தார்கள். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் விளக்கம்தான்.

“காந்தி ரோட்டுல ஒரு ஜவுளிக்கடை வாசல்ல நின்னுக்கினு கதை சொல்லு, கூட்டம் சேரும். முதலாளியே உனக்கு ஸ்டூல் போடுவாரு. ‘எதிர்க்கடைக்குப் போங்க’ன்னு விரல நீட்டிப் பாரு, லைட்ட அணைச்சிடுவாரு. இந்த சைட்டும் அப்படித்தாம்மா. என் வாசல்ல நின்னுக்கினு ஆள வெளிய அனுப்புறியான்றான்.”

“அதுக்குன்னு விரல பாக்கெட்லயே வச்சிக்கினு இருந்தா, உன் கடை எங்க இருக்குதுன்னு எவன் கண்டான்?” என்றார் தில்லையம்மாள்.

“முதல்ல கூட்டம் சேரட்டும்மா.”

சேர்ந்தது. பதினைந்து நாள் லிங்க் இல்லாமலே போட்டார். துபாயிலிருந்து ஒரு சிமென்ட் மேனேஜர்கூடப் பாராட்டினார். டீ நேரக் கதைகளில் நானூறு நாலாயிரமாகி, நாலு லட்சமாகி, காஞ்சிபுரத்தின் ஜனத்தொகையைத் தாண்டிப் போனது. எண் மட்டும் தொண்ணூற்றாறிலேயே இருந்தது.

ஆடிக் கடைசி நாள் வீரபாகு சென்டருக்கே வந்து, பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டார். வேறு வழியில்லாமல் பஞ்சாட்சரம் லிங்க்கோடு ஒரு மாங்காய் பார்டரைப் போட்டார். இரண்டு மணி நேரத்தில் பார்த்தவர்கள் ஒன்பதே பேர். ஆனால் அந்த ஒன்பதில் மூன்று பேர் லிங்க்கை அமுக்கி உள்ளே வந்துவிட்டார்கள். தொண்ணூற்றொன்பது.

“ஒண்ணு குறையுது மாப்ள. காலைல எட்டு மணிக்கு வந்துரு.”

“இருப்பா, நான் பார்க்கறேன். நூறு ஆயிடும்” என்று தில்லையம்மாள் அடுத்த கம்ப்யூட்டருக்கு நகர்ந்தார்.

“உள்ளூர் ஆளு செல்லாதும்மா” என்றார் வீரபாகு.

“ஏன், என் கண்ணு இன்னா டூப்ளிகேட் ஜரிகையா?”

“அவரு சொந்தக் கண்ணாலயே அம்பது ஏத்திக்கினாரு. அத கழிக்கட்டுமா?”

“கெடு வச்சப்ப அத சொன்னியா நீ?”

மெயில் பார்க்க வந்தவர்களும் கட்சி பிரிந்தார்கள். நானூறு பேர் பார்த்ததுதான் பெரிசு என்றது ஒன்று. மூணு பேர் வந்ததுதான் பெரிசு என்றது இன்னொன்று. யாரோ யாருடைய நாற்காலியையோ இழுத்தார்கள். “சட்டையில கை வைக்காத” என்று ஒரு குரல் கேட்டது.

உள்ளே வந்த மூவரில் மைசூர்க்கார அம்மா ஒருவர் ஒரு வரி எழுதியிருந்தார்: இதே மாங்காய் கொஞ்சம் சின்னதாகக் கிடைக்குமா? பஞ்சாட்சரம் சண்டைப் பக்கம் திரும்பாமல், மூக்கு திரையில் படுமளவு குனிந்து, மாங்காயை ஒவ்வொரு கட்டமாகக் குறைத்துக்கொண்டிருந்தார்.