படிவத்தில் நான் எழுதாமல் விட்ட வார்த்தை

போன வருடம் ஆகஸ்ட் மாதம் என் அப்பா சாரத்திலிருந்து விழுந்தார். அவருக்குக் கொத்தனார் வேலை. மாடிச் சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தபோது சாரத்தில் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்துவிட்டது. உயிர் பிழைத்தது ஆண்டவருடைய கிருபை. ஆனால் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஆறு மாதத்துக்குக் காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் சேர்ந்திருந்தேன். சுயநிதிப் பிரிவு. முதல் தவணை மட்டும் கட்டியிருந்தோம். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமைத்துக் கொண்டுவரும் சம்பளம் வீட்டுச் செலவுக்கே காணாது. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் தெருவிலிருந்து பட்ட மேற்படிப்புக்குப் போன முதல் பெண் நான். போன வேகத்தில் திரும்பி வரப்போகிறேன் என்று தெரிந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். சபையாருக்கு இது புதிதல்ல.

கல்லூரி அலுவலகத்துக்கு வெளியே பலகையில் அரசு உதவித்தொகை அறிவிப்பு ஒட்டியிருந்தது. "ஆதிதிராவிடர், பழங்குடியினர்" என்று தொடங்கியது. அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை. இது நமக்கில்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய் விசாரித்தேன். உதவித்தொகை வேலையைப் பார்க்கிற எழுத்தர் டவுண்காரர். நெற்றி நிறையத் திருநீறு. மாணவர்கள் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன கம்யூனிட்டிம்மா?" என்று கேட்டார்.

"பி.சி. கிறிஸ்டியன், அண்ணாச்சி."

என் சேர்க்கைப் படிவத்தைப் புரட்டினார். அதிலும் நான் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

"பி.சி.ன்னா உனக்குள்ளது வேறம்மா. அதுல கிடைக்கது உன் ஃபீஸுக்குக் கிட்டகூட வராது. முழு ஃபீஸும் வரணும்னா எஸ்.சி., எஸ்.டி. புள்ளையளுக்குத்தான். நான் என்ன செய்யட்டும், ரூல் அப்படி இருக்கு. வெள்ளிக்கிழமை கடைசி நாள் வேற."

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்கு வந்தார். டவுணில் ரதவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். கையில் எழுதித் தயாராக வைத்திருந்த ஒரு பத்திரம் இருந்தது. நான் இந்து மதத்துக்குத் திரும்பிவிட்டேன் என்று நான் சொல்வதுபோல எழுதியிருந்தது. கையெழுத்துப் போடுவது மட்டும்தான் பாக்கி.

எங்கள் சொந்தத்தில் இது அதிசயம் இல்லை. சபையில் ஒரு பெயர், சான்றிதழில் வேறு பெயர். ஞாயிறு ஒருவர், திங்கள் இன்னொருவர். யாரையும் நான் குற்றம் சொல்ல வரவில்லை. மதம் மாறினால் சலுகை போய்விடும் என்று பயந்த ஜனங்கள் வேறு என்ன செய்வார்கள்? என் அப்பா மட்டும்தான் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதே, "கிறிஸ்தவப் புள்ளைன்னே எழுதுங்க சார்" என்று தலைமையாசிரியரிடம் சொன்னவர்.

"ஏட்டி, ஒரே ஒரு கையெழுத்து," என்றார் சித்தப்பா. "மீதிய நான் பாத்துக்கிடுதேன். படிச்சு முடிச்ச பொறவு நீ எங்கன வேணும்னாலும் முழங்கால் போடு. உன் மனசு ஆண்டவருக்குத் தெரியாதா?"

"தெரியும் சித்தப்பா. அதனாலதான் போட மாட்டேங்கேன்."

"உங்க அப்பனுக்குக் காலு போச்சு, பிடிவாதம் போகல. அது அப்படியே உன்கிட்ட வந்துட்டு."

பத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். உண்மையைச் சொல்கிறேன், நான் அதைக் கிழித்துப் போடவில்லை. என் ஆய்வக நோட்டுக்குள் வைத்தேன். ஒரு தடவை பேனாவைக்கூடத் திறந்தேன். இந்துவாக இருக்கிறவர் இந்து என்று எழுதினால் அது உண்மை. நான் எழுதினால் பொய். அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேனாவை மூடினேன். ஆனால் அந்தப் பத்திரம் நோட்டுக்குள்ளேதான் இருந்தது.

புதன்கிழமை மதியம் ஆலயத்துக்குப் போனேன். யாரும் இல்லை. நான் முழங்கால் போடவில்லை. நின்றுகொண்டே பேசினேன். பேசினேன் என்ன, சண்டை போட்டேன். "ஆண்டவரே, பொய் சொன்னவர்கள் பிள்ளைகள் எல்லாம் படிக்கிறார்கள். உண்மை பேசுகிற வீட்டுப் பிள்ளை நான் வெளியே வர வேண்டுமா? இதுதான் உம்முடைய நியாயமா? நான் உம்மை மறுதலிக்க மாட்டேன். ஆனால் நீர் என்னைக் கைவிட்டால் அதை நான் ஊர் முழுக்கச் சொல்வேன்" என்றேன். இப்படி ஜெபிக்கலாமா என்று அம்மாமார் சிலர் பிறகு கேட்டார்கள். நான் ஜெபித்தது அப்படித்தான். அதை இங்கே மாற்றி எழுத முடியாது.

பதில் ஒன்றும் வரவில்லை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, மாற்றுச் சான்றிதழ் வாங்கி வந்துவிடலாம் என்று முடிவு செய்து பஸ் ஏறினேன். படிப்பு முடிந்துபோனது என்றே நினைத்தேன். கல்லூரியில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். வராந்தாவில் உட்கார்ந்து நிரப்பினேன். சமூகம் என்ற இடத்தில், "சாதிச் சான்றிதழில் உள்ளபடி, சுருக்காமல் எழுதவும்" என்று போட்டிருந்தது. வேறு வழியில்லாமல் சான்றிதழை வெளியே எடுத்து அதைப் பார்த்து எழுதினேன்.

"கிறித்தவ மதத்திற்கு மாறிய" என்று எழுதினேன். அதற்கு அடுத்த வார்த்தையில் என் கை நின்றுவிட்டது.

ஆதிதிராவிடர்.

பிரியமானவர்களே, அந்த வார்த்தை அங்கே இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எட்டாம் வகுப்பில் டீச்சர், "ஆதிதிராவிடர் புள்ளைங்க எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் எழுதணும்" என்றபோது என் சிநேகிதி எழுந்தாள். நான் எழவில்லை. "நான் கிறிஸ்டியன் டீச்சர்" என்றேன். டீச்சரும் விட்டுவிட்டார். அப்போது எனக்குள் வந்த நிம்மதி இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து எங்கே கேட்டாலும் பி.சி. கிறிஸ்டியன் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் முழுங்கிவிடுவேன். இயேசுவை மறுதலிக்க மாட்டேன் என்று ஆலயத்தில் நின்று சவால் விட்டேனே, பெற்றவர்களையும் பிறந்த தெருவையும் எட்டு வருடமாக மறுதலித்துக்கொண்டுதான் இருந்தேன். உண்மை பேசுகிறவள் என்ற திமிர் வேறு எனக்கு.

வெட்கத்தில் முகம் சுட்டது. எழுந்து பலகைக்குப் போனேன். அந்த அறிவிப்பு இன்னும் அங்கேதான் இருந்தது. இந்தத் தடவை முழுதாக வாசித்தேன். "ஆதிதிராவிடர், பழங்குடியினர் மற்றும் மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவ மாணவியர்" என்று இருந்தது. ஒரே வரி. நான் பாதியில் விட்ட வரி.

உள்ளே வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் வரிசையில் நிற்கவில்லை. ஜன்னலுக்குப் போய்ச் சத்தமாகச் சொன்னேன்.

"அண்ணாச்சி, நான் மதம் மாறிய ஆதிதிராவிடர்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன்.

"அன்னைக்கு பி.சி.ன்னு சொன்னியேம்மா?" என்றார்.

"அதுவும் உண்மை அண்ணாச்சி. இது நான் சொல்லாம விட்ட மிச்சம்."

சான்றிதழை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "அட, நானும்லா கிறிஸ்டியன்னதும் சர்டிபிகேட்டப் பாக்காம விட்டுட்டேன். இரும்மா, எதுக்கும் கேட்டுருவோம்," என்று மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டார். நான்கு தடவை அடித்தபிறகுதான் எடுத்தார்கள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மத்திய அரசு கணக்குல உங்களுக்குக் கிடையாதாம். ஆனா தமிழ்நாடு அரசு தன் பணத்துல குடுக்குதாம். வருமானச் சான்று வச்சிருக்கியா?"

"இருக்கு அண்ணாச்சி."

"பேங்க் கணக்குல ஆதார் சேத்தாச்சா?"

"சேத்தாச்சு."

"அப்ப அங்கன உக்காரு. சாப்பாடு கிடக்கட்டும், இத முடிப்போம்."

கம்ப்யூட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. "சவம், இன்னைக்குன்னு பாத்துச் சுத்துது," என்று அதைத் திட்டிக்கொண்டே, மனுஷர் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் மூன்றரை மணி வரை உட்கார்ந்து என் விண்ணப்பத்தைப் பதிவேற்றி முடித்தார். ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கியபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு பேர் நடுவில் விம்மி அழுதேன். "ஏம்மா அழுத? பைய வீட்டுக்குப் போ, அப்பாவ நல்லாப் பாத்துக்க," என்றார். திருநீறு பூசிய அந்த மனிதரை அனுப்பிவைத்தது யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அப்பா கட்டிலில் படுத்தபடி கேட்டார். பிறகு, "நான் உனக்குச் சொல்லிக் குடுத்துருக்கணும்ட்டி. எனக்கே அது வாயில வரல," என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கால் முறிந்தபோதுகூட அவர் அழவில்லை. சித்தப்பா அடுத்த தடவை வந்தபோது அந்தப் பத்திரத்தை நோட்டிலிருந்து எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பங்குனி மாதம் உதவித்தொகை வந்தது. கட்டணம் முழுதும் கட்டியாயிற்று. இப்போது நான் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா கம்பு ஊன்றி ஆலயத்துக்கு வருகிறார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அந்த அரசாணை எனக்காகப் புதிதாக வந்ததில்லை, முன்பே இருந்தது. ஆண்டவர் எனக்காகத் திறந்தது என் வாயைத்தான்.

இந்தச் சாட்சியைச் சபை இதழில் போடக் கொடுத்தபோது ஓர் அண்ணன், "அந்த வார்த்தையை எடுத்துவிட்டு அரசு உதவித்தொகை என்று மட்டும் போடலாமே" என்று தயவாகத்தான் கேட்டார். வார்த்தையை எடுத்தால் சாட்சியையும் எடுத்துவிடுங்கள் என்றேன். ஆண்டவர் என்னை எடுத்த இடம் எது என்று சொல்லாமல், அவர் என்னை எடுத்தார் என்று எப்படிச் சொல்வது?

சென்ற மாதம் ஆராதனை முடிந்ததும் ஓர் அக்கா என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனார். மகளை எம்.காம். சேர்த்திருக்கிறார். என் காதில், "நாங்களும் அதுதாம்மா," என்றார். "எதுதாங்க்கா? காதுல விழல," என்றேன். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சொன்னார். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. அவர் மகளுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று.

உங்கள் பிள்ளைகளுக்கும் இந்த உதவித்தொகை இருக்கும். சான்றிதழை எடுத்து ஒரு வார்த்தை விடாமல் வாசித்துப் பாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் நான் இருப்பேன். பயப்படாமல் ஜெபித்துவிட்டு வாருங்கள். ஆண்டவர் நாம் காதோடு சொன்னாலும் கேட்பார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்குச் சத்தமாகத்தான் சொல்ல வேண்டும்.