பிரித்துவிட்ட இடுப்புத் தையல்

பெரியவளின் வயிற்றிலிருந்து மருத்துவர் எடுத்த கட்டி தர்பூசணி அளவு. சரி, அது மிகைதான்; தேங்காய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இறங்க மனமில்லை.

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். ஒரே தையல் கடை, எதிரெதிரே இரண்டு மிஷின். கழுத்துப்பட்டி வைப்பதில் சின்னவள் கைவேலை சுத்தம். வாடிக்கை மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது. பெரியவளுக்கு வயிறு எரிந்தது. அதனால் வயிறு நிஜமாகவே வலித்தபோது, அதையும் அந்த எரிச்சலோடு சேர்த்துவிட்டாள்.

வலி வந்தது, போனது, மறுபடி வந்தது. வயிறு உப்பியது. ஒருநாள் படுத்தால் மிச்ச வாடிக்கையும் எதிர் மிஷினுக்குப் போய்விடுமே! தன் மேல்சட்டையின் இடுப்புத் தையலைப் பிரித்து, இரண்டு விரல் அகலம் விட்டுத் தைத்துக்கொண்டாள்.

தையல்காரி கண்ணுக்குத் தப்புமா? பிரித்த தடத்தைச் சின்னவள் பார்த்தாள். மதியம் பெரியவள் வாந்தியும் எடுக்கவே, சின்னவள் முகம் சுருங்கிப்போனது. கலியாணமாகி வருடங்கள் ஓடியும் இருவருக்கும் பிள்ளை இல்லை.

"எத்தனை மாசம்க்கா?" என்றாள், ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் குனிந்துகொண்டு.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சின்னவள் தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுவது இதுதான் முதல் தடவை. அந்த ருசியை விட முடியுமா?

"அதெல்லாம் இப்பவே சொல்லக்கூடாதுடி."

அதன்பின் சின்னவள் வைத்த பட்டியெல்லாம் கோணலாக விழுந்தது. பெரியவள் பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டு அதை ரசித்தாள்.

ஒரு காலையில் வாந்தி பச்சையாக வந்தது. காற்றுகூடப் பிரியவில்லை, வயிறு மத்தளமாக இறுகிற்று. அப்படியே மிஷின்மேல் சாய்ந்தவளைச் சின்னவள்தான் தாங்கி ஆட்டோவில் ஏற்றினாள்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுக்கா, பயப்படாதே" என்று வழியெல்லாம் அழுதாள்.

"பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்லடி. உன்னை எரிய வைக்கத்தான்..."

அழுகை நின்றது. "நல்லா வேணும் உனக்கு" என்றாள் சின்னவள். பிடித்த கையை மட்டும் விடவில்லை.

ஸ்கேன் பார்த்த மருத்துவர் தன் சட்டைக்கையை உள்ளுக்குள் இழுத்துக் காட்டினார். குடலில் ஒரு கொழுப்புக்கட்டி, அபூர்வமானது; அது குடலைக் குடலுக்குள்ளேயே இழுத்து வழியை அடைத்துவிட்டதாம். அன்றே வயிற்றைத் திறந்து, அந்தத் துண்டை வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். புற்று இல்லை என்று பரிசோதனையும் சொல்லிவிட்டது.

காற்று பிரிந்தது, பெரியவளுக்குப் பழைய வாயும் திரும்பியது. பார்க்க வந்தவர்களிடம், "லட்சத்துல ஒருத்திக்குத்தான் வருமாம். தேங்காய் அளவு!" என்றாள்.

கட்டிலோரம் உட்கார்ந்து அந்த மேல்சட்டையின் இடுப்பைப் பழையபடி பிடித்துத் தைத்துக்கொண்டிருந்த சின்னவள் தலை நிமிரவில்லை.

"எலுமிச்சம்பழ அளவு. தட்டுல வெச்சுக் காட்டுனாங்க, நான் டேப் போட்டுப் பாத்துட்டேன்."