படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குத் தரையோடு தரையாக

1991ஆம் வருஷம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் படப்பை பஜாரை விட்டுக் கிளம்பினோம். கிளம்பினோம் என்று எழுதுகிறேனே தவிர, வீட்டு வாசலுக்கும் பஜாருக்கும் நடுவிலேயே மூன்று தடவை வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டேன். ஒரு தடவை ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்க. ஒரு தடவை பின்சக்கர நட்டுகளைத் தொட்டுப் பார்க்க. மூன்றாவது தடவை எதற்கு இறங்கினேன் என்று இறங்கிய பிறகு எனக்கே தெரியவில்லை.

"மாமா, நீ இப்படியே எறங்கி ஏறினா பெரும்புதூருக்கு நடந்தே போயிடலாம்" என்றாள் என் மனைவி தனம்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார், இங்கிலாந்தில் செய்தது, எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இளையது. தாம்பரத்தில் ஒரு பங்களாக்காரரின் மாமரத்தடியில் கோழி அடைந்துகொண்டு கிடந்தது. எனக்குத் தொழில் மோட்டார் ரீவைண்டிங். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், செம்புக் கம்பி சுற்றுவதைத் தவிர வேறொன்றும் முறையாகக் கற்றதில்லை. அவர் வீட்டுக் கிணற்று மோட்டாரைச் சரிசெய்யப் போனபோது, "இதை இழுத்துக்கொண்டு போயேன், இடம் காலியாகும்" என்றார். இழுத்துக்கொண்டு வந்தேன். நான்கு வருஷம் ஆயிற்று.

இன்ஜின் பெரிய கஷ்டம் தரவில்லை. அம்பாசடர் இன்ஜினுக்கு இது கிட்டத்தட்ட அண்ணன் முறை, பாதிச் சாமான்கள் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையிலேயே கிடைத்தன. கஷ்டம் உட்காருவதில்தான் இருந்தது. தனம் இரண்டு வருஷத்துக்கு முன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்ததில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தாழ்வான இடத்தில் உட்கார்ந்தால் யாராவது கைகொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். இந்த வண்டியின் இருக்கையோ தரையிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. அதனால் அவள் பக்கத்து இருக்கையைப் பஸ் சீட் ஸ்பிரிங்கும் நார் மெத்தையும் வைத்து உயர்த்தினேன். பிடித்துக்கொண்டு எழ, பஸ்ஸில் இருப்பதுபோல் ஒரு தோல்வார் தொங்கவிட்டேன். காலடி சுடாமல் இருக்கத் தரைக்கு அடியில் கம்பளித் துணி ஒட்டினேன். அந்தத் துணியில் கல் அடிக்காமல் இருக்க, வண்டியின் வயிற்றுக்கு நீளமாக ஒரு தகரத் தட்டு வைத்து முடுக்கினேன். ரேடியேட்டருக்கு மின்விசிறி, அதன் மோட்டாரை நானே சுற்றினேன்.

இத்தனைக்கும் தனம் சொன்னது ஒன்றுதான். "ஞாயித்துக்கெயமன்னா எனக்கு உன் கால்தான் தெரியுது. மிச்சமெல்லாம் வண்டிக்கு அடியில கீது. ஒரு தபா பெரும்புதூர் கூட்டினு போய்க் கூட்டினு வா. நடுவுல நான் இடுப்பைப் புடிச்சிக்கினு 'அம்மா'ன்னா, வண்டியை வித்துடணும். நானா ஏறி நானா எறங்கினா, வச்சிக்கோ."

விற்பதற்கு ஆளும் தயார். மறுநாள் திங்கட்கிழமை மயிலாப்பூரிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. ஆகவே இந்த இருபத்துநாலு கிலோமீட்டரில் என் நான்கு வருஷமும் இருந்தது.

ஏழு மணி இருக்கும், ஒரகடம் போகிற சாலையில் வந்துகொண்டிருந்தோம். படப்பையிலிருந்து ஒரகடம் சுமார் பதினோரு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் ஏரி, பனைமரம், அறுத்த வயல். சாலை ஒரு லாரி அகலம். எதிரே பஸ் வந்தால் மண்ணில் இறங்கித்தான் வழிவிட வேண்டும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த ஊர் ஜன்னல் வழியாகத் தெரியும். எங்களுக்கு மாட்டின் குளம்பு, ஆட்டின் வயிறு, சைக்கிளின் பெடல் இவையெல்லாம் கண்ணுக்கு நேரே வந்தன. முன்னால் போன மாட்டு வண்டியின் அச்சாணியை நான் அண்ணாந்து பார்த்தேன் என்றால் நம்ப வேண்டும். பின்னால் ஒரு லாரி வந்தது. அதன் டிரைவருக்கு நாங்கள் தெரிவோமா, தெரியாமல் மேலே ஏற்றிவிட்டால் என்ன செய்வது என்று நான் ஹாரனை அழுத்திக்கொண்டே போனேன்.

"பின்னால வர்றவனுக்கு எதுக்கு மாமா ஹாரன் அடிக்கிற?"

"நாம இருக்கோம்னு தெரியணும்ல?"

"ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தோல்வாரைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தாள். உதட்டைக் கடித்தாளா, சும்மா மூடியிருந்தாளா என்று எனக்குப் புரியவில்லை. சாலையைவிட அவள் உதட்டை அதிகம் பார்த்ததால் இரண்டு பள்ளத்தில் நானே கொண்டுபோய் இறக்கினேன்.

ஒரகடம் கூட்டுரோட்டில் டீ குடித்தோம். டீ எழுபத்தைந்து பைசா. கடைக்காரர் கிளாஸைக் கொண்டுவந்து குனிந்து, இன்னும் குனிந்து, உள்ளே கொடுத்தார். "பெட்ரோல் லிட்டர் பன்னெண்டு ரூபாய்க்கு மேல போயிடுச்சி. சண்டை எங்கியோ பெட்ரோல் எடுக்கற நாட்ல நடக்குது, நம்ம பாக்கெட்ல குண்டு போடறான். இது எவ்ளோ குடிக்கும் சார்?" என்றார். சொன்னேன். "யானைக்குக் கவளம் போடறாப்ல கீதே" என்று தனத்தைப் பார்த்துச் சிரித்தார். தனமும் சிரித்தாள். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

ஒரகடத்திலிருந்து வடக்கே திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர் பதின்மூன்று கிலோமீட்டர். மாத்தூர் தாண்டியதும் சாலை காணாமல் போயிற்று.

இந்தப் பக்கம் வராதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தை, மாசியில் கொள்ளு அறுவடை. களத்தில் மாடு கட்டி அடிப்பதற்குப் பதிலாக, வேரோடு பிடுங்கிய கொள்ளுச் செடியைத் தார்ச்சாலையின் குறுக்கே மெத்தைபோலப் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறி ஏறிப் போக, காய் வெடித்துக் கொள்ளு கீழே உதிரும். ஒதுங்கிப் போகாதபடி ஓரத்தில் கல்லும் முள்ளும் வைத்திருப்பார்கள். எல்லா வண்டியும் மிதித்தே ஆக வேண்டும். கூலியில்லாத வேலை.

அந்த மெத்தை ஒரு பர்லாங் நீளம் இருந்தது. எனக்கு வந்த கவலைகளைக் கேளுங்கள். செடிக்கு அடியில் கல் இருந்தால்? சக்கரம் வழுக்கினால்? ஓரத்து முள் டயரில் ஏறினால்? தனத்தின் இடுப்பு? முதல் கியரில் போட்டு எறும்புபோல் ஊர்ந்தேன். வண்டியின் வயிற்றை யாரோ கையால் தடவுவதுபோல் 'சரசர' என்று சத்தம். கல் இல்லை, வழுக்கவில்லை, முள் ஏறவில்லை. மெத்தையைத் தாண்டியதும் எனக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் பின்னால் கத்தினார்கள். கண்ணாடியில் பார்த்தேன். ஐந்தாறு பேர் கையில் கவைக்கம்போடு ஓடி வருகிறார்கள். முன்னால் ஒரு பெண், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பை ஆட்டி ஆட்டி வருகிறாள். ஆட்டை அடித்துவிட்டேனா? கோழியா? இந்தச் சாலையில் ஆட்டை அடித்த கார்க்காரன் ஒருவனை மரத்தில் கட்டிவைத்த கதையை நான் கேட்டிருந்தேன். ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

"ஏன் மாமா ஓட்ற? கூப்பிடறாங்க."

"கூப்பிடலடி, அடிக்க வர்றாங்க!"

"நம்மள எதுக்கு அடிக்கணும்?"

வண்டி ஏனோ இழுவை கொடுக்கவில்லை. ஏதோ கருகும் வாசனை. "தீயுற நாத்தம் அடிக்குது" என்றேன்.

"உனக்கு எப்பவும் அடிக்கும். நேத்து பாயசத்துலயே அடிச்சிது."

சொல்லி வாய் மூடவில்லை, கியர் கம்பியைச் சுற்றியிருந்த தோலுக்குள்ளிருந்து சாம்பிராணி போட்டதுபோல் புகை வந்தது.

"நிறுத்து மாமா. நிறுத்து!"

ஒரு சின்ன மதகுப் பக்கம் நிறுத்தினேன். என் கதவு வழக்கம்போல் சிக்கியது. தோளால் இடித்துத் திறந்து, தனத்தைத் தூக்கி இறக்க மறுபக்கம் ஓடினேன். இருக்கை காலியாக இருந்தது. தோல்வார் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் இருபதடி தூரத்தில் புளியமரத்தடியில் நின்று, வருகிற கூட்டத்தைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் என்னைத் தொடவில்லை. நேராக வண்டிக்கு அடியில் கவைக்கம்பை விட்டார்கள். கருகிய கொள்ளுக் கொடி கொத்துக் கொத்தாக வந்தது. இரண்டு பேர் சாலையோர மண்ணை வாரி வாரி வீசினார்கள். ஒருவர் மதகிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். முந்தானையைச் செருகியிருந்த அந்தப் பெண், அஞ்சலை என்று பெயர், ஒரு கையால் கொடியை உருவிக்கொண்டே என்னை ஏசினாள்.

"நில்லு நில்லுன்னு தொண்டை கிழிய கத்தறேன், காத்து மாதிரி ஓட்றியே! எங்க கொள்ளுல கால்வாசி உன் வண்டி வயித்துக்குள்ள கீது. பொகை வுட்டுக்கினு போறது கூடத் தெரியல?"

"அடிக்க வர்றீங்கன்னு..."

"ஐய, அடிக்கறதுக்கு எங்களுக்கு வேற வேலை இல்ல. லாரி ஒசரமா கீது, பஸ்ஸு ஒசரமா கீது. இது பல்லி மாதிரி தரையோட தரையா ஊர்ந்துகினு வந்தா கொடி சுத்தாதா? கூட்டினு வந்த பொம்பளைய எரிச்சிருப்பியே!"

தீ அணைந்த பிறகு ஸ்பானரை எடுத்துத் தகரத் தட்டைக் கழற்றினேன். தனத்தின் காலடி சுடக்கூடாது என்று ஒட்டிய துணிக்காக நான் வைத்த தட்டு, கொடியை முறம்போல் ஏந்திச் சைலன்சர் குழாயோடு அணைத்து வைத்திருந்தது. தட்டு இல்லாமல் இருந்தால் பாதிக்கு மேல் கீழே உதிர்ந்திருக்கும். நான் கவலைப்பட்டது எதுவும் நடக்கவில்லை. கவலைக்காக வைத்ததுதான் பற்றிக்கொண்டது.

தட்டில் இரண்டு கை கொள்ளு இருந்தது, நன்றாக வறுபட்டு. அஞ்சலை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். "பதமாத்தான் வறுத்துக்கிற" என்று தனத்தின் கையிலும் கொஞ்சம் போட்டாள். "துன்னும்மா. கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்லுவாங்க. கார்ல போறவங்கதானே நீங்க." கூட்டம் சிரித்தது. கவைக்கம்பைக் கீழே போட்டுவிட்டு எல்லாரும் வறுத்த கொள்ளைத் தின்றார்கள். ஒருவர் மட்டும், "தட்டை இங்கயே வச்சிட்டுப் போங்க, அடுத்த வாரம் பயிறு பரப்பறோம்" என்றார்.

கம்பளித் துணி பாதி கருகிப்போயிருந்தது. மின்விசிறிக்குப் போகும் ஒரு வயரின் உறை உருகியிருந்தது. அது என் தொழில். நாடா சுற்றிச் சரிசெய்தேன். பெட்ரோல் குழாய்க்கும் பிரேக் குழாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு முறை பார்த்தேன், நான் பார்த்தது போதாது என்று தனத்தையும் பார்க்கச் சொன்னேன். ஆனாலும் மூன்றாவது முறை குனிந்து பார்த்தேன்.

சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ் வந்தது. கை காட்டி நிறுத்தினேன்.

"தனம், நீ பஸ்ல போயிடு. நான் மெதுவா ஓட்டிக்கிட்டு வர்றேன். நாளைக்கு அந்த மயிலாப்பூர்க்காரர் வந்ததும் கொடுத்துடலாம். வேண்டாம் இந்த வண்டி."

தனம் பஸ்ஸின் படிக்கட்டைப் பார்த்தாள். கண்டக்டர், "ஏறும்மா, டைம் ஆகுது" என்றார்.

"நீங்க போங்கண்ணே" என்று அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினாள். "அந்தப் படியிலதான் என் இடுப்பே போச்சு."

"இப்ப எப்படி இருக்கு இடுப்பு?"

அவள் இடுப்பில் கைவைத்து யோசித்தாள். எங்கோ வைத்த சாவியைத் தேடுகிற முகம். "ஓடி வந்தேன்ல? அப்ப நினைப்பே இல்ல. இப்ப கொஞ்சம் கீது. பஸ்ல போனா வர்ற வலி அளவுக்கு இல்ல."

"தீ புடிச்சுது தனம்."

"அணைஞ்சிடுச்சி. நீ விக்கறேன்னா அது உன் பயத்துக்கு வித்துக்கோ. என் இடுப்பு மேல பழி போடாத."

தோல்வாரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, மெதுவாக ஏறி உட்கார்ந்தாள். நான் நீட்டிய கை சும்மா இருந்தது.

ஒன்பதரை மணிக்கு ஸ்ரீபெரும்புதூர். அவள் கோயிலுக்குள் போனாள், நான் குளத்துப் பக்கம் வண்டிக்கு அடியில் படுத்தேன். சேவித்துவிட்டு வந்தவர்கள் என் காலைத் தாண்டிப் போனார்கள். தனம் வந்து என் காலைத் தட்டி, "புளியோதரை ஆறுது" என்றாள்.

திரும்பும்போது அவளே வழி சொன்னாள். "வந்த ரோட்ல கொள்ளு கீது. பெங்களூர் ரோட்ல போ. பூந்தமல்லி சுத்திக்கினு வூட்டுக்குப் போலாம்."

"அதுல லாரி..."

"லாரியில கொள்ளு சுத்தாது."

நெடுஞ்சாலையில் லாரிகள் வீடு நகர்வதுபோல் எங்களை உரசிப் போயின. நாற்பதுக்கு மேல் போகவில்லை. "நாளைக்கு வர்றவர்கிட்ட இன்னா சொல்றது?" என்று கேட்டேன். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "வண்டி வெளிய போய்கீதுன்னு சொல்லு" என்றாள்.

இருங்காட்டுக்கோட்டை எட்டு கிலோமீட்டர். அங்கே புதிதாகக் கார் பந்தயப் பாதை போட்டிருக்கிறார்கள். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறியிருந்ததால் அதன் கேட் ஓரம் நிறுத்தித் தண்ணீர் கேட்டேன். அன்று பந்தயம் எதுவும் இல்லை. காவல்காரர் வண்டியைப் பார்த்ததும் எழுந்து சல்யூட் அடித்து, கேட்டைத் திறக்கவே போய்விட்டார். "சார் ரேசுக்கு வந்துகீறீங்களா? சொல்லவேயில்லையே!"

நான் வாயைத் திறப்பதற்குள் தனம் கதவைத் திறந்து, வாரைப் பிடித்து, இறங்கி நின்றாள். சேலையில் ஒட்டியிருந்த கொள்ளுக் கொடியை உதறினாள்.

"ரேசும் இல்ல ஒண்ணும் இல்லண்ணே. இது வூட்டு வண்டி. பூந்தமல்லியில காய் வாங்கணும், நிறுத்த எடம் கெடைக்குமா?"